எலிக்குட்டி போடுற அல்ட்ராசோனிக் சத்தத்தை சாஃப்ட்வேர் எண்ணித் தருது, அந்த எண்ணிக்கையை எவ்வளவு தூரம் நம்பலாம்?

தெற்குவாடி_கயல் (செவ்வாய், ராத்திரி 9:40)

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் பாம்பன் பக்கம், வெளியூர்ல ஒரு லேப்ல பி.எச்.டி மூணாவது வருஷம் ஓடுது. ஒரு மாச லீவுல வீட்டுக்கு வந்திருக்கேன், கூடவே ஒரு ஹார்டு டிஸ்க்கும் வந்திருக்கு, அதுக்குள்ள இருக்கிறது பூரா சுண்டெலிக் குட்டிங்க சத்தம்தான், முன்னூத்திச் சொச்சம் ஃபைலு.

விஷயம் தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். பிறந்து சில நாளே ஆன சுண்டெலிக் குட்டிக்குக் கண்ணு தொறந்திருக்காது, காதும் தொறந்திருக்காது, உடம்புல ரோமம் இருக்காது, உடம்புச் சூட்டை அதுவா வச்சுக்கவும் முடியாது. அதைக் கூட்டுலேந்து எடுத்துத் தனியா வச்சா கத்தும். பக்கத்துல நிக்கிற நமக்கு ஒண்ணும் கேக்காது, வாய் தொறந்து மூடுறது மட்டும் தெரியும். ஏன்னா நம்ம காது 20 கிலோஹெர்ட்ஸோட நின்னுரும், அது கத்துறது பெரும்பாலும் 50லேந்து 80க்குள்ள. தாய் எலிக்குத் தெளிவா கேக்கும், தேடி வந்து கவ்வித் தூக்கிக் கூட்டுல போட்டுக்கும். முதல் தடவை அதைப் பாத்தப்ப எனக்குத் தொண்டை அடைச்சுருச்சு, இத்தனை நாள் இந்த ரூம்ல இவ்வளவு கூப்பாடு நடந்திருக்கு நமக்குத் தெரியவே இல்லையேன்னு.

எங்க வேலை என்னன்னா கர்ப்பமா இருக்கிற எலிக்கு ஒரு மருந்து கொடுத்து, அதுக்குப் பிறக்கிற குட்டிங்க கத்துறது மாறுதான்னு பாக்கிறது. ஒரு குட்டிக்கு 5 நிமிஷம் ரெக்கார்டிங். கையால ஒவ்வொரு கத்தலா குறிக்கிறதுன்னா 5 நிமிஷ ஃபைலுக்கே அரை நாள் போயிருது, அதுனால டீப்ஸ்க்வீக்னு கத்தலைத் தானா கண்டுபிடிச்சு எண்ணுற சாஃப்ட்வேர்ல போட்டேன். ராத்திரி போட்டுட்டுத் தூங்கி எந்திரிச்சா எல்லாத்துக்கும் எண்ணிக்கை வந்து நிக்குது. மருந்துக் குரூப்புல ஏத்த இறக்கம் இல்லாம நேரா போற ஃப்ளாட் வகைக் கத்தல் ஜாஸ்தின்னு வருது. கைடுக்குச் சந்தோஷம், பேப்பர் எழுத ஆரம்பின்னு சொல்லிட்டார்.

எனக்குத்தான் மனசு ஒப்பலை. நேத்து அதே ஃபைலை ஸ்கோர் கட்-ஆஃபை, அதாவது எத்தனை மார்க்குக்கு மேல வந்தா கத்தல்னு எடுத்துக்கணும்ங்கிற அளவை, கொஞ்சம் மாத்திப் போட்டுப் பாத்தேன், எண்ணிக்கை கிட்டத்தட்ட பாதியா இறங்கிருச்சு. குட்டி அதேதான், அது கத்தினதும் அதேதான். அப்ப நான் எண்ணினது எதை?

கீழக்கரை_காக்கா (செவ்வாய், ராத்திரி 10:15)

தங்கச்சி, நீங்க கேட்டது சரியான கேள்வி. நான் ஆடியோ ஹார்டுவேர் ஆளு, எலியைப் பத்தித் தெரியாது, சத்தம் ஃபைலா மாறுற வரைக்கும் நடக்கிறது தெரியும். சாஃப்ட்வேரைப் பேசுறதுக்கு முன்னாடி சில விஷயம் கேட்டுக்கறேன். சாம்பிளிங் ரேட், அதாவது செகண்டுக்கு எத்தனை தடவை சத்தத்தை அளக்குது, அது எவ்வளவு, மைக் என்ன மைக், குட்டிக்கும் மைக்குக்கும் நடுவுல எவ்வளவு தூரம், ரூம்ல என்னென்ன கரண்டுல ஓடிட்டிருந்துச்சு. கடைசிக் கேள்விதான் முக்கியம்.

நம்ம ஊர் போட்டுல எக்கோ சவுண்டர் பாத்திருப்பீங்க. பெரும்பாலும் 50, 200 கிலோஹெர்ட்ஸ்னு ரெண்டு அலைவரிசை இருக்கும். அது தண்ணிக்குள்ள போற சத்தம், எலி கத்துறது காத்துல, ஆனா அதிர்வெண் கணக்குல ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. பக்கத்துல இன்னொரு போட்டு அதே 50ல சவுண்டரைப் போட்டா நம்ம ஸ்கிரீன்ல கோடு கோடா விழும். புதுசா கடலுக்குப் போற பையன் அதைப் பாத்து மீன்னு சொல்லுவான், அனுபவப்பட்டவரு அவன் மெஷினை அணைக்கச் சொல்லுன்னு வாக்கி டாக்கியில சொல்லுவாரு. கருவி பொய் சொல்லலை, தன்கிட்ட வந்ததைக் காட்டுது, வந்தது எங்கேந்துன்னு அதுக்குத் தெரியாது. உங்க டீப்ஸ்க்வீக்கும் அப்படித்தான்.

தெற்குவாடி_கயல் (செவ்வாய், ராத்திரி 10:32)

காக்கா, சாம்பிளிங் 250 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். கண்டன்ஸர் அல்ட்ராசவுண்ட் மைக், குட்டிக்கு மேல ஒரு ஜாண் உயரம் இருக்கும். உள்பக்கம் ஸ்பாஞ்ச் ஒட்டின பெட்டி. ரூம்ல ஏசி, ட்யூப் லைட், கம்ப்யூட்டர். நினைவுல இருக்கிறது இவ்வளவுதான், மத்ததைக் கேட்டுச் சொல்றேன்.

கீழக்கரை_காக்கா (செவ்வாய், ராத்திரி 10:50)

250ன்னா அதுல பாதி, 125 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் பிடிக்கும், அதுல குறை இல்லை. நிமிஷத்துக்கு 30 எம்.பி வந்திருக்கணும், சரிதானே. சாதாரண போன்ல, 44.1ல எடுத்தவங்களைப் பாத்திருக்கேன், அதுல எலி கத்துறது இருக்கவே இருக்காது, ஒழுங்கான ஃபில்டர் இல்லைன்னா மேல உள்ள சத்தம் மடங்கிக் கீழ வந்து உக்காந்து வேற எதுவோ மாதிரித் தெரியும். அந்தப் பிரச்சினை உங்களுக்கு இல்லை.

நாளைக்கு ஒரு வேலை பண்ணுங்க. ஃபைலைப் பத்து மடங்கு மெதுவாக்கி ஹெட்போன்ல கேளுங்க. 70 கிலோஹெர்ட்ஸ் 7க்கு இறங்கி வந்துரும். படத்தை மட்டும் பாக்காதீங்க, காதாலயும் கேளுங்க.

தொண்டி_டேட்டா (புதன், காலை 7:05)

எல்லாருக்கும் காலை வணக்கம். நான் மெஷின் லேர்னிங்ல வேலை பாக்கிறேன், அந்தப் பக்கத்தைச் சொல்றேன்.

டீப்ஸ்க்வீக் 2019ல வாஷிங்டன் யுனிவர்சிட்டி ஆளுங்க வெளியிட்டது. சத்தத்தை ஸ்பெக்ட்ரோகிராம் படமா மாத்திக்கும், அதாவது குறுக்கால நேரம், நெட்டால அதிர்வெண், சத்தம் கூட இருக்கிற எடம் பளிச்சுன்னு. அப்புறம் ரோட்டுப் படத்துல காரையும் ஆளையும் கண்டுபிடிக்குமே ஃபாஸ்டர் ஆர்-சி.என்.என், அதையே வச்சு ஒவ்வொரு கத்தலையும் சுத்திப் பெட்டி போடும், பெட்டிக்கு ஒரு ஸ்கோரும் போடும். கட்-ஆஃபை ஏத்தினா சந்தேகப் பெட்டி விழுந்துரும், உண்மையான மெல்லிசான கத்தலும் சிலது கூடவே போயிரும். இறக்கினா எல்லாம் வரும், குப்பையும் வரும். வலைக்கண்ணு மாதிரிதான், சின்னக் கண்ணு வச்சா பாசியும் சேந்து வரும்.

அதுனால எண்ணிக்கை மாறுறதை வச்சே கருவி சரியில்லைன்னு சொல்லிற முடியாது. ரெண்டு எண்ணு வேணும். போட்ட பெட்டியில எத்தனை நிஜக் கத்தல், அது பிரிசிஷன். நிஜக் கத்தல்ல எத்தனைக்குப் பெட்டி விழுந்துச்சு, அது ரீகால். இதை அவங்க பேப்பர்லேந்து எடுக்கக் கூடாது, உங்க ஃபைல்ல நீங்களே அளக்கணும், ஏன்னா அந்த நெட்வொர்க் படிச்சது வேற ரூம், வேற மைக், வேற எலி. இருபது முப்பது ஃபைலைக் கண்ணை மூடிப் பொறுக்கி எடுத்துக் கையால குறிங்க. ரெண்டும் நல்லா வந்தா தைரியமா எழுதுங்க.

கருவாட்டுக்கடை_தம்பி (புதன், காலை 8:20)

நான் ஆராய்ச்சி ஆளு கிடையாது, மண்டபம் பக்கம் கருவாட்டு குடோன் வச்சிருக்கோம். இழையைப் படிச்சதுல ஒரு கேள்வி. எங்க குடோன்ல எலித் தொல்லை தாங்க முடியலை, கருவாடு போறது ஒரு பக்கம், பக்கத்து ஷெட்டுல வச்சிருக்கிற வலையையும் கடிச்சு வச்சுருது, ஒரு வலையைப் பொத்திச் சரி பண்ணவே ரெண்டு நாள் ஆகுது. பிளக்குல சொருகுனா அல்ட்ராசோனிக் சத்தம் போட்டு எலியை விரட்டும்னு ஒரு சாமான் வாங்கினேன். முதல் வாரம் எலியைக் காணோம், அப்புறம் அது மேலயே ஏறி ஓடுது. நீங்க சொல்ற எலிப் பாஷையைக் கண்டுபிடிச்சு, ஓடு ஓடுன்னு சொல்ற சத்தத்தைப் போட்டா வேலை செய்யுமா?

ஓய்வு_விலங்குக்கூடம் (புதன், காலை 9:45)

தம்பிக்கு முதலில் பதில் சொல்லிடுறேன். நான் ஆராய்ச்சி விலங்குக் கூடத்துல முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், இப்ப தேவிபட்டினத்துல இருக்கேன்.

அந்த விரட்டுற மெஷினை நம்பிக் காசு போடாதீங்க. 2001லேயே அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் அறுபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகளுக்கு, நீங்க சொல்றதுக்கு ஆதாரம் இருக்கணும்னு எச்சரிக்கைக் கடிதம் அனுப்புச்சு. எலி புதுச் சத்தத்துக்கு முதல்ல மிரளும், அதனால கெடுதல் ஒண்ணும் வரலைன்னு தெரிஞ்சதும் பழகிடும். அல்ட்ராசவுண்டு காத்துல தூரம் போகாது, மூட்டைக்குப் பின்னால போகவே போகாது. மூட்டையைத் தரையில போடாம கட்டை மேல அடுக்குங்க, சுவர் ஓட்டையைச் சிமெண்ட் வச்சு அடைங்க, கதவுக்கு அடியில தகரம் அடிங்க.

ஆனா உங்க கேள்வியில ஒரு உண்மை இருக்கு. வளர்ந்த பெரிய எலி, அதாவது ரேட், பயந்தா 22 கிலோஹெர்ட்ஸ் பக்கம் நீளமா கத்தும், ஒரு கத்தல் அரை செகண்டு, ஒரு செகண்டு, அதுக்கு மேலயும் போகும். சந்தோஷமா விளையாடும்போது 50 பக்கம் சின்னச் சின்னதா போடும். 1990கள்ல பாங்க்செப்னு ஒரு விஞ்ஞானி எலியைக் கையால கிச்சுக்கிச்சு மூட்டினப்ப இந்த 50 சத்தம் நிறைய வந்துச்சு, கையை எடுத்தா எலி கையைத் தேடி வந்துச்சு. நானே பண்ணிப் பார்த்திருக்கேன். தினம் கூண்டைத் திறக்கிறவன் கை எப்படிப்பட்டதுன்னு அதுக்குத் தெரியும்.

கயல் அம்மாவுக்கு என் பங்குக்குச் சில கேள்வி. குட்டிக்கு எத்தனை நாள்? ரூம் சூடு எவ்வளவு? எந்தக் குட்டி எந்த ஈத்து? ரெக்கார்டு பண்ணின வரிசை என்ன, மருந்து ஈத்தும் மருந்தில்லாத ஈத்தும் கலந்து கலந்து பண்ணினீங்களா, இல்லை முதல்ல இது பிறகு அதுன்னு பண்ணினீங்களா?

தெற்குவாடி_கயல் (புதன், மதியம் 1:10)

ஐயா, 4, 6, 8வது நாள் எடுத்தோம். கத்துறது முதல் வாரக் கடைசிலதான் உச்சத்துல இருக்கும், ரெண்டு வாரத்துல அடங்கிரும்னு அப்படி வச்சோம். ரூம் சூடு ஒவ்வொரு ஃபைலுக்கும் எழுதி வச்சிருக்கு, குளுந்தா ஜாஸ்தி கத்தும்னு தெரியும்.

வரிசைதான், ஐயா, நீங்க கேட்டதும் எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. மருந்தில்லாத எலிங்க முதல்ல சினையாச்சு, அதுனால அந்த ஈத்தெல்லாம் முதல் ரெண்டு மாசத்துல முடிஞ்சுருச்சு. மருந்து ஈத்து பெரும்பாலும் அதுக்கப்புறம். கலக்கலை.

வவ்வால்பாட்டு (புதன், சாயங்காலம் 6:30)

நான் சாயல்குடி பக்கம் பனங்காட்டுல ஆடியோமாத்னு ஒரு சின்ன ரெக்கார்டரைக் கட்டி வவ்வால் ரெக்கார்டு பண்றவன், பொழுதுபோக்காத்தான், ஆனா ஏழெட்டு வருஷமா. எங்க ஆளுங்களுக்கும் இதே தலைவலிதான். ஆட்டோமேட்டிக் சாஃப்ட்வேர் ஒரு ராத்திரிக்கு இவ்வளவு வவ்வால்னு சொல்லும், பாதி வெட்டுக்கிளியா இருக்கும், சில வெட்டுக்கிளி அல்ட்ராசவுண்டுக்கே போயிரும். காத்துல பனை மட்டை உரசுறதுக்கும் பெட்டி விழும். மன்னார் வளைகுடாவுல ஹைட்ரோபோன், அதாவது தண்ணிக்குள்ள வைக்கிற மைக், போட்டவங்களைக் கேளுங்க, பவளப் பார்ல இருக்கிற சொடக்கு எறால் போடுற சடசடப்பு 100 கிலோஹெர்ட்ஸ் தாண்டியும் இருக்கும், அதுக்கு நடுவுல வேற எதையாவது எண்ணிப் பாக்கச் சொல்லுங்க.

கயல், ஃப்ளாட் வகைன்னு அது போட்ட பெட்டிங்களை மட்டும் தனியா எடுங்க. ஒவ்வொண்ணும் எத்தனை கிலோஹெர்ட்ஸ்ல இருக்குன்னு ஒரு வரைபடம் போடுங்க. இத்தனை சுண்டெலிக் குட்டியும் ஒரே இடத்துல ஆணி அடிச்ச மாதிரி கத்தாது. எல்லாம் ஒரே எண்ணுல வந்து குவிஞ்சா அது தொண்டையிலேந்து வரலை.

தெற்குவாடி_கயல் (புதன், ராத்திரி 11:20)

போட்டேன். மருந்தில்லாத குரூப்புல 55லேந்து 85 வரைக்கும் பரவலா இருக்கு. மருந்துக் குரூப்புலயும் பரவலா இருக்கு, ஆனா அது மேல 62ல ஒரு கம்பம் நட்ட மாதிரி நிக்குது.

கை நடுங்குது. நாளைக்கு எழுதறேன்.

தெற்குவாடி_கயல் (வியாழன், மதியம் 3:45)

லேப்ல இருக்கிற ஜூனியர் தங்கச்சிக்கு போன் பண்ணி லாக் புக் பக்கத்தையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். மூணாவது மாசம் ஆரம்பத்துல பெட்டிக்கு மேல குட்டி அசையிறதைப் பாக்க ஒரு சின்னக் கேமரா மாட்டியிருக்கோம். நான்தான் மாட்டினேன், என் கையெழுத்துல இருக்கு. கேமராவுக்கு ஒரு அடாப்டர், அது மைக் ஆம்ப் போட்டிருக்கிற அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல. அந்தத் தேதிக்கு அப்புறம் எடுத்த ஃபைல் எல்லாத்துலயும் 62ல மெல்லிசா ஒரு கோடு ஓடுது, முன்னாடி எடுத்தது எதுலயும் இல்லை. அப்புறம் எடுத்ததுல பெரும்பாலும் மருந்து ஈத்து.

கோடு விடாம ஓடுற எடத்துல சாஃப்ட்வேர் பெட்டி போடலை, அது தெரிஞ்சிருக்கு. குட்டி காலை உதைச்சு அடியில கீறும்போது மேலேந்து கீழ வரைக்கும் நெட்டுக்கோடு விழுதுல்ல, அது இந்தக் கோட்டைத் துண்டு துண்டா வெட்டுது. அந்தத் துண்டுதான் ஃப்ளாட் கத்தல்னு வந்திருக்கு. பத்து மடங்கு மெதுவாக்கிக் கேட்டேன் காக்கா, நீங்க சொன்ன மாதிரி. நிஜக் கத்தல் குருவி மாதிரி நெளியுது. இது ஃப்ரிட்ஜ் பக்கத்துல நின்னா வர்ற மாதிரி இரையுது, ஒரு தடவை கேட்டாலே யாருக்கும் தெரியும். நான் மூணு மாசமா ஒரு தடவை கூட கேக்கலை, படத்தையும் எக்செலையும்தான் பாத்துட்டிருந்தேன்.

கீழக்கரை_காக்கா (வியாழன், மாலை 4:30)

மனசைத் தளர விடாதீங்க தங்கச்சி. ஸ்விட்ச்சிங் அடாப்டர் எல்லாமே இப்படித்தான், உள்ள இருக்கிற சர்க்யூட் பல பத்து கிலோஹெர்ட்ஸ்ல ஓடும், காயில், கெப்பாசிட்டர் அதே வேகத்துல நடுங்கிக் காத்துலயும் சத்தம் போடும், வயர் வழியாவும் ஆம்புக்குள்ள போகும். எல்.இ.டி லைட் டிரைவரும் பண்ணும். நமக்குக் கேக்காததால ரூம் அமைதியா இருக்குன்னு நினைச்சுக்கறோம். இனிமே குட்டி இல்லாத வெறும் பெட்டியை தினமும் ரெண்டு நிமிஷம் ரெக்கார்டு பண்ணி வைங்க. அடாப்டரைத் தூக்கிட்டு பேட்டரியில ஓட்டுங்க.

தொண்டி_டேட்டா (வியாழன், மாலை 5:15)

கண்டுபிடிச்சது பெரிய விஷயம். சரி பண்றது சுலபம், 62ல ஒரு நாட்ச் ஃபில்டர், அதாவது அந்த ஒரு அதிர்வெண்ணை மட்டும் வெட்டுற ஃபில்டர், போட்டு அந்த மருந்து ஃபைல்களை மறுபடி ஓட்டுங்க, ஒரே ராத்திரியில முடிஞ்சுரும்.

கீழக்கரை_காக்கா (வியாழன், மாலை 5:40)

அது கூடாது தம்பி. நிஜக் கத்தலும் 62 வழியாத்தான் ஏறி இறங்குது. மருந்து ஃபைல்ல மட்டும் அந்த எடத்தை வெட்டினா, நெளிஞ்சு போற கத்தல் நடுவுல அறுந்து ரெண்டா எண்ணப்படும், அப்ப மருந்துக் குரூப்புல எண்ணிக்கை ஏறும், நீளம் குறையும். ஒரு பொய்யை எடுத்துட்டு இன்னொரு பொய்யை வச்ச மாதிரி ஆயிரும். வெட்டுறதுன்னா ரெண்டு குரூப்புலயும் ஒரே மாதிரி வெட்டணும், வெட்டினதை எழுதணும்.

தொண்டி_டேட்டா (வியாழன், மாலை 6:20)

சரிதான் காக்கா, அவசரப்பட்டுட்டேன். அப்படின்னா இதைப் பண்ணலாம். அவங்க ஃபைல்லேந்தே இந்தக் கோட்டுத் துண்டையும் கால் கீறலையும் கத்தல் இல்லைன்னு லேபிள் போட்டு, அவங்க நிஜக் கத்தலையும் சேத்து, நெட்வொர்க்கை மறுபடி பயிற்சி கொடுக்கணும். டீப்ஸ்க்வீக்ல அந்த வசதி இருக்கு. வொக்கல்மேட்னு 2021ல வந்ததும் இருக்கு, அது 11 வகைக் கத்தலோட, இரைச்சல்னு தனியா ஒரு வகையும் வச்சிருக்கும், அதையும் ஓட்டிப் பாத்து ரெண்டும் எங்க ஒத்துப்போகலைன்னு பாக்கலாம், ஒத்துப்போகாத எடத்துலதான் விஷயம் இருக்கும்.

ஒண்ணு மட்டும் கவனம். பயிற்சிக்கு எடுத்த குட்டியோட கத்தலையே பரீட்சைக்கும் வைக்காதீங்க. ஒரே குட்டியோட ஒரே நிமிஷக் கத்தல் இங்க பாதி அங்க பாதின்னு போனா மார்க் தொண்ணூத்தெட்டு வரும், அடுத்த ஈத்துல படுத்துரும். ஈத்து ஈத்தா பிரிங்க.

ஓய்வு_விலங்குக்கூடம் (வியாழன், ராத்திரி 8:00)

ஈத்துன்னு சொன்னதும் ஒண்ணு சேர்த்துக்கறேன், இது புள்ளிவிவரத்துல எல்லாரும் தடுக்கி விழுற இடம். ஒரு தாய்க்குப் பிறந்த எட்டுக் குட்டி எட்டுத் தனி சாட்சி கிடையாது. ஒரே வயிறு, ஒரே பால், ஒரே கூடு. மருந்து கொடுத்தது தாய்க்கு. அதனால உங்க எண்ணிக்கை குட்டி எண்ணிக்கை இல்லை, தாய் எண்ணிக்கை. அதைவிட மோசம் கத்தல் எண்ணிக்கையை வச்சு ஆயிரக்கணக்குல சாம்பிள் எண்ணிக்கை (N) போடுறது. ஈத்தைக் கணக்குல சேர்க்கிற மாடலாப் போடுங்க.

மறுபடியும் எலி வாங்கிப் பண்றதுன்னா ஐ.ஏ.இ.சி, அதாவது நிறுவனத்தோட விலங்கு நெறிமுறைக் குழு, அனுமதி மறுபடி வாங்கணும், விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கிற மத்தியக் குழுவான சி.சி.எஸ்.இ.ஏ விதி அப்படி. முதல்ல இருக்கிற ரெக்கார்டிங்லேந்து நேர்மையா எவ்வளவு எடுக்க முடியுமோ எடுத்துப் பாருங்க. ஒவ்வொரு குட்டியையும் தாய்கிட்டேந்து பிரிச்சுத்தானே இதை வாங்கியிருக்கோம். அந்த அஞ்சு நிமிஷம் வீணாகக் கூடாது.

கருவாட்டுக்கடை_தம்பி (வியாழன், ராத்திரி 9:10)

ஐயா சொன்னபடி மூட்டையைக் கட்டை மேல ஏத்திட்டேன், ஓட்டை அடைக்க நாளைக்கு ஆள் வருது. ஒரு சந்தேகம், இத்தனூண்டு எலித் தொண்டையில அவ்வளவு உசந்த சத்தம் எப்படி வருது?

வவ்வால்பாட்டு (வியாழன், ராத்திரி 9:50)

நம்ம மாதிரி குரல்நாண் அடிச்சு வர்றது இல்லை தம்பி, விசில் மாதிரி. 1975ல ஹீலியம் கலந்த காத்துல எலியை வச்சுப் பாத்தாங்க, சத்தம் மேல ஏறிருச்சு. நாண் அடிச்சு வர்ற சத்தமா இருந்தா அடிப்படை அதிர்வெண் அப்படி ஏறாது, ஊதி வர்ற சத்தம்தான் காத்து லேசானா ஏறும். 2016ல சுண்டெலியோட குரல்வளையை எடுத்துப் பாத்ததுல, மூச்சுக்காத்து மெல்லிசா பீச்சி அடிச்சு உள்சுவத்துல மோதித் திரும்புறதுல சத்தம் பிறக்குதுன்னு காட்டினாங்க.

தெற்குவாடி_கயல் (சனி, காலை 10:30)

ரெண்டு நாளா எழுத முடியலை. கைடுகிட்ட சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை, அப்புறம் எல்லா ஃபைலையும் முதல்லேந்து பாரு, பேப்பர் காத்திருக்கட்டும்னு சொன்னார். அழுதுட்டேன், ஆனா நிம்மதியா இருந்துச்சு.

இருபது இருபது ஃபைல் ரெண்டு குரூப்புலேந்தும் எடுத்து, ஃபைல் பேரை மாத்தி வெறும் நம்பர் வைக்கச் சொல்லி அத்தை மகன்கிட்ட கொடுத்தேன், எது எந்தக் குரூப்புன்னு எனக்குத் தெரியாது. கையால குறிச்சேன். முடிச்சுட்டுப் பிரிச்சுப் பாத்தா, மருந்துக் குரூப்புல மட்டும் பிரிசிஷன் ரொம்பக் கீழ. கோட்டுத் துண்டை எடுத்துட்டா ஃப்ளாட் வித்தியாசம் போயிருச்சு. ஒண்ணுமே இல்லை.

குறிக்கும்போதே இன்னொண்ணு உறுத்துது. வகை பிரிக்கிறது. ஃப்ளாட், மேல ஏறுறது, கீழ இறங்கறது, கூரை மாதிரி ஏறி இறங்கறது, படி தாண்டுறதுன்னு 11 வகைப் பேரு இருக்கு. ஆனா கொஞ்சமா ஏறினா ஃப்ளாட்டா, ஏறுறதா? காலைல ஒண்ணைப் பாத்து ஃப்ளாட்னு போட்டேன், சாயங்காலம் அதே மாதிரி ஒண்ணை ஏறுறதுன்னு போட்டிருக்கேன். 2021ல ஒரு குழு, வகைப்பேரே கொடுக்காம ஆட்டோஎன்கோடர் மாதிரி, படத்தைச் சில எண்ணாச் சுருக்கித் தானே கத்துக்கிற ஒரு நெட்வொர்க்கை வச்சு சுண்டெலிக் கத்தலை அடுக்கிப் பாத்திருக்காங்க, அதுல தனித்தனிக் குவியலா வரலை, ஒண்ணுலேந்து ஒண்ணுக்கு இடைவெளி இல்லாம ஓடுதுன்னு சொல்றாங்க. ம்யூபெட் மாதிரி சாஃப்ட்வேர்ல நாம எத்தனை குவியல் கேக்குறோமோ அத்தனை கொடுத்துரும், அறுபது கேட்டா அறுபது, நூறு கேட்டா நூறு.

நேத்து வாசல்ல உக்காந்து அப்பாகிட்ட இதைச் சொன்னேன். அப்பா நாட்டுப்படகு. காத்துக்கு வாடை, கொண்டல், சோழகம், கச்சான்னு நாலு பேரு வச்சிருக்கோம், காத்து என்ன நாலு மூலைலேந்தா அடிக்குது, சுத்திக்கிட்டேதான் இருக்கும், வாடைக்கும் கொண்டலுக்கும் நடுவுல எத்தனையோ இருக்கு, பேரு நாங்க ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிறதுக்கு, வலை போடுறப்ப பேரைப் பாக்கமாட்டேன் காத்தைத்தான் பாப்பேன்னார். எனக்கு அதுக்கப்புறம் தூக்கம் வரலை. வகை எண்ணிக்கையை விட்டுட்டு, ஒவ்வொரு கத்தலுக்கும் நீளம், எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது, எவ்வளவு ஏறி இறங்குது, ரெண்டு கத்தலுக்கு நடுவுல எவ்வளவு இடைவெளின்னு அளவாவே வச்சுக்கப் போறேன். வகைப்பேரு பேப்பர்ல ஒரு பத்தியில இருக்கட்டும்.

தொண்டி_டேட்டா (சனி, காலை 11:05)

அப்பா சொன்னது அப்படியே சரி. பிரிக்க எல்லை இல்லாத எடத்துல கிளாசிஃபையர் எல்லையை அதுவா போட்டுக்கும், பயிற்சி கொடுத்தவன் காலைல ஒரு மாதிரி சாயங்காலம் ஒரு மாதிரி போட்டிருந்தா அதையும் சேத்துக் கத்துக்கும். அளவா வச்சுக்கங்க. ஆனா இரைச்சலா கத்தலான்னு பிரிக்கிறதுக்கு மட்டும் கிளாசிஃபையர் வேணும், அந்த எல்லை நிஜமா இருக்கு.

வவ்வால்பாட்டு (சனி, மதியம் 12:15)

எனக்கு இதுல ஒரு ஆசை. இதைப் பாஷைன்னு நினைச்சுப் பேசுறவங்க இருக்காங்க. காது கேக்காத சுண்டெலியும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் கத்துதுன்னு காட்டியிருக்காங்க, அதாவது கேட்டுப் பழகி வர்றது இல்லை, பிறவியிலேயே இருக்கு. அதுனால மதிப்புக் குறைஞ்சதுன்னு அர்த்தமில்லை. 2005ல ஆண் சுண்டெலி பெண் எலி மூத்திர வாசனைக்குப் பாட்டு மாதிரி ஒரு ஒழுங்குல கத்துறதைப் பதிவு பண்ணினப்ப எத்தனை பேரு அசந்து போனாங்க. அதுக்கு முன்னாடியும் அது பாடிட்டுத்தானே இருந்துச்சு.

தெற்குவாடி_கயல் (சனி, மதியம் 12:40)

இப்ப எனக்கு ரெண்டாவதா ஒரு ஆள் வேணும். நான் குறிச்சதே இன்னொருத்தரும் எதுவும் தெரியாம குறிச்சு, ரெண்டு பேரும் எவ்வளவு ஒத்துப்போறோம்னு பாக்கணும். நாப்பது ஃபைல், பேரு இல்லாம நம்பரோட. ஸ்பெக்ட்ரோகிராம் பாத்துப் பழகின கண்ணு வேணும். யாராவது முடியுமா? கைடுகிட்ட அனுமதி கேட்டாச்சு.

வவ்வால்பாட்டு (சனி, மதியம் 12:52)

அனுப்புங்க. இப்ப கொண்டல் அடிக்குது, ராத்திரி பனங்காட்டுல மைக் போட முடியாது, வீட்டுலதான் இருப்பேன். எப்படிக் குறிக்கணும்னு மட்டும் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்க, ரொம்ப எழுத வேண்டாம், உங்க கண்ணு எனக்கு ஒட்டிக்கக் கூடாது.

வவ்வால்பாட்டு (திங்கள், ராத்திரி 10:25)

பதினொண்ணு முடிச்சிருக்கேன். 07ம் நம்பர் ஃபைல்ல ரெண்டாவது நிமிஷம் 14வது செகண்டுல ஒண்ணு இருக்கு, ரொம்ப மெல்லிசு, கால் கீறல் அது மேலயே விழுந்திருக்கு. பத்துத் தடவை மெதுவாக்கிக் கேட்டுட்டேன். கத்தலா கீறலா சொல்ல முடியலை. எதுல போடட்டும்?

தெற்குவாடி_கயல் (திங்கள், ராத்திரி 10:31)

தெரியலைன்னே போடுங்க அண்ணே. அதுக்குத் தனியா ஒரு கட்டம் வச்சிருக்கேன்.